மிச்ச மருந்து

வெர்லீன் மேசையை மூன்றாவது தடவையாக மாற்றி அடுக்கி முடித்தபோது, அவள் கணவன் ஓரின் காபிக் கோப்பையோடு கராஜ் வாசலில் வந்து நின்றான்.

"என்ன, உன் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு வரிசைய இங்கயும் கொண்டாந்துட்டியா?"

"ஆமா. தட்டத் தூக்கிட்டு நேராப் போய்க்கிட்டே இரு. திரும்பிப் பாத்தா சூப் கிடையாது."

அவன் சிரித்தான். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவளுக்கு ஒன்று தெரியும்: வரிசை ஒழுங்காக இருந்தால் தூங்குமூஞ்சிப் பிள்ளைகூடத் தட்டு நிறையாமல் வெளியே போகாது. இடது ஓரத்தில் துளையிட்ட மரக்கட்டை. அதில் துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடுகள், வாய் கீழே. வாய் கீழே இருந்தால் வெடிமருந்து போடவில்லை என்று அர்த்தம். அடுத்து, கூட்டின் அடியில் தீப்பொறி தரும் பொட்டை வைத்து அழுத்தும் இயந்திரம். அடுத்து மருந்தளக்கும் குழாய். பிறகு வளைந்த விளக்கு. அதன் வெளிச்சத்தில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குண்டைப் பொருத்த வேண்டும். வலது கோடியில், முடிந்த தோட்டாக்களுக்கு, இருபது குழிகள் உள்ள மஞ்சள் பெட்டி.

ஏப்ரலில் டாக்டர் ஓரினின் மறதிக்கு ஒரு நோயின் பெயரைச் சொன்னார். அவனிடமிருந்து வண்டிச் சாவியை வெர்லீன் எப்படியோ வாங்கி வைத்துவிட்டாள். இந்த மேசையை மட்டும் வாங்க முடியவில்லை. எல்க் மான் வேட்டை தொடங்கும் வாரத்தில் மகள் டெஸ்ஸாவுக்குத் தன் கையால் இருபது தோட்டா செய்து கொடுப்பது ஓரினின் வழக்கம். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கடைத் தோட்டாவைத் தொட்டதில்லை. "வேண்டாம், விடு" என்றால் "நீ செத்துப் போ" என்று சொன்னதுபோல் ஆகிவிடும். அப்படிச் சொல்ல வெர்லீனுக்கு மனம் வரவில்லை.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா, மற்றதெல்லாம் அலமாரியில். எல்லா மருந்தும் பார்வைக்குக் கருப்புக் கடுகுதான். ஆனால் ஒன்று நிதானமாக எரியும், இன்னொன்று சட்டென்று எரிந்து தீரும். மாறிப் போனால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும், சுடுகிறவளின் கன்னத்துக்குப் பக்கத்தில்.

புதன்கிழமை காலையில் ஓரின் உட்கார்ந்தான். பக்கத்தில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மருந்து, விளக்கு, குண்டு. வரிசை ஒரு தடவைகூட மாறவில்லை. எட்டு முடிந்தது. பழைய ஓரினே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது.

"அம்மா, மூணு மணிக்கு வந்துடுவேன். அப்பா முடிச்சிட்டாரா?" என்றாள் டெஸ்ஸா.

பேச்சு நீண்டுவிட்டது; வெர்லீன் திரும்பி வந்தபோது இருபதும் முடிந்திருந்தது. ஓரின் பெட்டியின் மேல் மகள் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். அலமாரி திறந்து கிடந்தது. மேசையில் இரண்டு டப்பாக்கள், ஒன்று பச்சை மூடி, ஒன்று சிவப்பு மூடி.

"ஓரின், இது ரெண்டும் எதுக்கு வெளிய வந்துச்சு?"

"நீ எழுந்து போனியே. வேலை நின்னா குழாயில மருந்த விடக்கூடாது. டப்பாவுல கொட்டிட்டு, மறுபடி ரொப்பினேன்."

"எந்த டப்பாவுல கொட்டின?"

"அது வந்த டப்பாவுல."

"எதுல இருந்து ரொப்பின?"

அவன் பச்சையைக் காட்டினான். கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பைக் காட்டினான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏன் இப்படிப் பாக்குற? நாப்பத்தோரு வருஷத்துல ஒண்ணாவது தப்பாப் போயிருக்கா?"

"இல்ல," என்றாள். அது உண்மைதான்.

நினைவு கைவிடும் நேரத்தில்கூட, வேலை நின்றால் மிச்ச மருந்தைக் கொட்டிவிட வேண்டும் என்ற பழைய பாடத்தை அவன் மறக்கவில்லை. அந்தப் பாடமே அவளைக் கவிழ்த்துவிட்டது. முன்னால் போகும் வழியைத்தான் அவள் அடுக்கியிருந்தாள். மிச்சம் எந்த வழியாகத் திரும்பும் என்று யோசிக்கவே இல்லை. முதல் எட்டு எவை, பின் பன்னிரண்டு எவை என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் பளபளவென்று ஒரே மாதிரி இருந்தன.

மதியம் அவன் சாய்வு நாற்காலியில் கண் அயர்ந்ததும் இரண்டு டப்பாக்களையும் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினாள். குண்டு கழற்றும் சுத்தியலை எடுத்தாள். அதன் தலைக்குள் தோட்டாவைப் பூட்டி மூன்று தடவை தரையில் அடித்தால் குண்டு கழன்றுவிடும். கொட்டிய மருந்தையும் குழாயில் மிஞ்சியிருந்ததையும் ஒரு பழைய காபி டின்னில் சேர்த்தாள். அது ரோஜாப் பாத்திக்கு உரமாகப் போகும், இங்கே எல்லோரும் செய்வதுபோல.

பன்னிரண்டாவதை அடிக்கும்போது ஓரின் வந்து நின்றான். இன்றைக்குச் சண்டைதான் என்று அவள் சுத்தியலை மடியில் இறக்கினாள்.

அவன் தரையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து விளக்கைப் போட்டான்.

"நல்லவேளை, நீயே ஆரம்பிச்சிட்ட. டெஸ்ஸா வர்றதுக்குள்ள இருபதும் முடிக்கணுமே."

காலிக் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாய் கீழாக மரக்கட்டையில் நட்டான். முதல் கூட்டை நிமிர்த்திக் குழாயின் கீழே பிடித்துக் கைப்பிடியை இழுத்தான். குழாயில் ஒன்றும் இல்லை. கைப்பிடி கிளிக் என்று போய் வந்தது. கூட்டை விளக்கடியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தான், ஒவ்வொரு வருஷமும் பார்க்கிற அதே கவனத்தோடு.

"சரியா இருக்கு," என்றான்.

வெளியே சரளைக்கல்லில் டெஸ்ஸாவின் வண்டி ஏறும் சத்தம் கேட்டது. ஓரின் திரும்பாமலே வெர்லீன் பக்கம் உள்ளங்கையை நீட்டினான்.

"குண்டு குடு."

உள்ளே மருந்தில்லை என்று டெஸ்ஸாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, கழற்றிய குண்டு ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.