தையல்காரர் பார்த்த மீன்கொத்தி

சட்டைக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் மூன்று கதை விட்டுவிடுவார் தையல்காரர். அதனால் காட்டோடையில் காட்டு மீன்கொத்தியைப் பார்த்தேன் என்று அவர் சத்தியம் செய்தபோது வீட்டில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

"அது சாதா மீன்கொத்தி, மாப்ளே," என்றார் மனைவியின் அண்ணன். பல் டாக்டர், பறவையானாலும் வாயைத்தான் முதலில் பார்ப்பார். "அதுக்குத் தலை நீலம், அலகு கருப்பு. காட்டு மீன்கொத்திக்குத் தலையில ஊதா, அலகு முழுக்க சிவப்பு. நீங்க எதைப் பார்த்தீங்க?"

"எல்லாத்தையும்."

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஏங்க, நாளைக்கு நானும் வர்றேன். சிவப்பு அலகு இல்லேன்னா, இனிமே உங்க கதைக்கு 'உம்' கொட்டவே மாட்டேன்."

கல்யாணமான நாள் முதல் தையல்காரருக்கு வாய்த்த ஒரே 'உம்' அது.

விடிந்ததும் காட்டோடைக்குப் போனார்கள். அவர் பையில் நூல்கண்டுகள். துணிக்கு நூல் பார்ப்பதுபோல் நிறம் பொருத்தினால் கண் ஏமாற்றாது என்பது அவர் கணக்கு. இரண்டு அட்டைகள் அவர்கள் காலில் வயிறார ரத்தம் குடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போயின.

"இன்னிக்கு அதுக்கு லீவு போல," என்றாள் அவள்.

மெல்லிய விசில் கேட்டது. தண்ணீருக்கு மேல் தொங்கிய கொடியில் சிட்டுக்குருவியைவிடச் சின்னதாக ஒரு தீப்பொறி வந்து உட்கார்ந்தது. அந்த நேரம் ஓடை கொஞ்சம் ஓடாமல் நின்றது. நம்பமாட்டார்கள் என்று அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

வயிற்றுக்கு மாம்பழ மஞ்சள் பொருந்தியது. இறக்கைக்குக் கருநீலம் பொருந்தியது. தலைக்கு? ஊதாவும் ரோஜாவும் குழைந்த அந்த நிறத்துக்கு எந்தக் கம்பெனியும் இன்னும் நூல் போடவில்லை. பையை விரலால் கிளறினார், பிறகு குனிந்தே கிளறினார். நிமிர்ந்தால் கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அலகை அவர் பார்க்கவே இல்லை.

மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். அவள் கன்னத்தில் கை வைத்தபடி இருந்தாள்.

"சிவப்புங்க," என்றாள். "நுனி வரைக்கும் சிவப்பு. என்னமா இருக்கு!"

வீட்டுக்கு வந்ததும் அவளே அண்ணனுக்கு போன் போட்டாள். "அண்ணே, அதேதான்! ஊதாத் தலை, செக்கச்செவேல்னு அலகு. தன் நீளத்துக்கு ஒரு அரணையைக் கவ்விக்கிட்டுப் பறந்துச்சு!"

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "நீயும் ஆரம்பிச்சிட்டியா, தங்கச்சி?"

போனை வைத்தவள் அதையே முறைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் சொன்னதை யாரும் நம்பாமல் இருந்ததில்லை.

தையல்காரர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல கொஞ்சம் வலிக்கும்மா," என்றார். "போகப்போகப் பழகிடும்."