கோத்தா பாருவுக்கு முக்கால் மணி நேரம்

மருமகன் டெலிபோனில் சொன்னதை எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆர்தர் ஓடி வந்து கிரகரியிடம் சொன்னார். கோத்தா பாரு ஆஸ்பத்திரியில் மகள் பவுலினுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. "அம்மா, அம்மா" என்று அரற்றுகிறாளாம்.

டிசம்பர் மழையில் கோத்தா பாரு இருக்கும் கிழக்குக் கரை முழுக்க வெள்ளம். ரோடும் ரயில் பாதையும் முங்கிக் கிடந்தன.

"பினாங்குக்குப் போயி பிளேன் ஏறுங்கலா, கிரகரி. மலைக்கு அந்தப் பக்கந்தான். முக்கா மணி நேரத்துல எறங்கிடலாம்," என்றார் ஆர்தர்.

கிரகரி எஸ்டேட் லோரி டிரைவர். ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை உள்ள மலைரோட்டு வளைவுகளில், பனி மூடினாலும் தேயிலைப் பாரத்தோடு அஞ்சாமல் இறங்குபவர். பினாங்கில் ஏறிய பிளேன் மலைத்தொடருக்கு மேலே மேகத்துக்குள் நுழைந்து தடதடவென்று ஆடியபோது, அவருடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்திப் பிரேக்கைத் தேடியது. பக்கத்தில் மனைவி பார்பரா கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கடந்தது. பிளேன் தாழ்ந்தது. ஜன்னலுக்கு வெளியே செந்தண்ணீர். தண்ணீருக்கு மேல் தென்னை மர உச்சிகள் மட்டும் தெரிந்தன. சட்டென்று இன்ஜின் அலற, பிளேன் மூக்கைத் தூக்கி மேலே ஏறியது. யாரோ வீறிட்டார்கள். சுற்றி வந்து இன்னொரு முறை முயன்றார்கள். அப்போதும் முடியவில்லை. இறங்க வழியில்லை, பினாங்குக்கே திரும்புகிறோம் என்று மலாயில் அறிவித்தார்கள்.

"என்னங்க, திரும்பிப் போறானா?" பார்பரா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "புள்ள கீழதானங்க கெடக்கு!"



பினாங்கில் இறங்கியதும் கிரகரி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மழை விட்டால் சாயங்காலம் மறுபடியும் போவோம் என்றாள் கவுண்டர் பெண்.

"நான் ஏற மாட்டேன், பார்பரா. தண்ணி வடியட்டும். லோரியிலயே கூட்டிட்டுப் போறேன்."

"எப்ப வடியும்?"

கிரகரி கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"அப்ப நீங்க இருங்க. நான் போறேன்." மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் சந்தைக்குக்கூடத் தனியாகப் போகாதவள் அவள். பையைத் தூக்கிக்கொண்டாள்.

"பிளேனுக்காக மட்டும் சொல்லல," என்றார் கிரகரி மெல்ல. "நாம போயி எறங்குறப்ப அவ இல்லன்னா?"

பார்பரா அவர் பக்கத்தில் குந்தினாள். "எனக்கும் அந்தப் பயந்தான். அதுக்குத்தான் போகணுங்கிறேன். வாங்க."

சாயங்காலப் பயணத்திலும் அதே ஆட்டம். கிரகரி மனைவியின் கையை விடவே இல்லை. இருபுறமும் தண்ணீர் பீய்ச்சியடிக்க, சக்கரம் தரையைத் தொட்டது.

வெளியே மருமகன் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க அஞ்சி கிரகரி தலையைத் திருப்பிக்கொண்டார். பார்பராதான் கேட்டாள்.

"எப்படிய்யா இருக்கா?"

"மத்தியானம் ஆபரேஷன் பண்ணாங்க அத்தை. ரத்தம் நின்னுருச்சு. இன்னும் கண்ணு முழிக்கல."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பவுலின் வெளிறிப்போய்க் கிடந்தாள். அவள் இமை அசையும் வரை இருவரும் கட்டிலை விட்டு நகரவில்லை. கண் திறந்தபோது அவளுக்கு அம்மாவை அடையாளம் தெரிய வெகு நேரமாயிற்று.

"எப்படிம்மா வந்தீங்க? ரோடு இல்லியே?"

"வந்துட்டோம்டி," என்றாள் பார்பரா. "நீ பேசாத."

கிரகரி வராந்தாவுக்குப் போனார். அங்கே நர்ஸ் ஒருத்தி துணியில் சுற்றிய பேத்தியை அவர் கையில் வைத்தாள். அப்போதுதான் அவர் அழுதார்.