சாப்பாட்டு மேசையில் வளர்ந்த சலூன்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் யாராவது ஒன்றை மனதார ஆசைப்பட்டு வாய்விட்டுச் சொன்னால், மறுநாள் காலை அது தீப்பெட்டி அளவில் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும். அதற்கென்று காசு சேர்க்கச் சேர்க்க வளரும்; சேர்த்ததை எடுத்துச் செலவழித்தால் சுருங்கும். சில வீடுகளுக்குக் காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது, சில வீடுகளுக்கு மாலையிலும் வருகிறது. அதுபோல இதுவும் ஒரு ஏற்பாடு என்று அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாடியில் வாடகை வீடு. மெக்கானிக் கேட்டது நீல நிறக் கார். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவருடைய அக்கா, ஊரையெல்லாம் எங்கெங்கோ அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நாற்காலியை விட்டு நகராதவர். அவருக்குக் கப்பலில் போக வேண்டும். கப்பல் மேசையில் தள்ளாடியதால் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விட்டிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்றே அழைக்கப்பட்ட, பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு ட்ரம் செட். இன்னொருவர் கடையில் பெண்களுக்கு முடிவெட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவிக்குச் சொந்தமாக ஒரு சலூன்: ஒரு கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, மேலே ஏற்றிவிடும் ஷட்டர், எல்லாம் எறும்புக்கு ஏற்ற அளவில்.

ஆளாளுக்குத் தன்னுடையதற்கு மட்டும் சேர்த்ததில், ஆண்டுகள் போயும் எதுவும் செருப்புப் பெட்டியைத் தாண்டவில்லை. சாப்பிடும் நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதும். மகளுக்குப் புது ஷூ வாங்கிய அன்று ட்ரம் ஒரு சுற்று இளைத்துவிட்டதென்று அவள் சாப்பிடாமல் கிடந்தாள். மெக்கானிக் ஒருமுறை மளிகைப் பணத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் ஒதுக்கினார். அவர் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் காருக்குப் பின்கதவு முளைத்துக் குட்டு வெளிப்பட்டது. ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

அப்படியிருக்கையில், மனைவி வேலை பார்த்த சலூனின் முதலாளி மாதக் கடைசியோடு கடையை மூடப்போவதாகச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. கார், ட்ரம், சலூன் என்று ஒவ்வொன்றாகத் தூக்கி மேசையைத் துடைத்தாள். மறுநாள் காலை அவளுடைய குட்டிச் சலூனின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. சுவர்கள் வெளுத்து, ஊதினால் பறந்துவிடும் காகிதம்போல ஆகியிருந்தன.

“அம்மா, உன் கடைய ஏம்மா மூடிட்ட?” என்றாள் வக்கீல்.

“இருக்குற வேலையே போகப்போகுது. இதுல இது எதுக்குன்னு விட்டுட்டேன்” என்று சொன்னவள் அப்போதுதான் அழுதாள்.

அன்று மாலை நால்வரும் முதல்முறையாகச் சேர்ந்தாற்போல மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்காதான் பேச்சை ஆரம்பித்தார். “நாலு பிள்ளைக்கு ஒரு ஸ்பூனைப் பிரிச்சு ஊட்டிட்டிருக்கோம். ஒண்ணும் தேறாது. முதல்ல கடை. என் கப்பல் எங்கயும் ஓடிப்போயிடாது.”

“கப்பல்னா ஓடத்தானே அத்தை செய்யும்?” என்றாள் வக்கீல். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் தன் ட்ரம் அடுத்ததாக வந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தாள். ஆனால் மற்ற மூன்றும் காய்ந்துபோகாமல் மாதாமாதம் துளியாவது போட வேண்டும், யாரும் யாரிடமும் மறைக்கக் கூடாது என்று வாதாடிச் சம்மதம் வாங்கினாள். மெக்கானிக் மட்டும் காரை விரலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். கடைசியில், “சரி, நிக்கட்டும். நான்தான் தினமும் லிஃப்ட்ல மேலயும் கீழயும் போயிட்டு வர்றேனே” என்றார்.

மறுநாள் காலை ஷட்டர் ஏறியிருந்தது. நால்வர் சேமிப்பின் பெரும்பகுதியும் அதற்கே போனதில் சலூன் ஃப்ரிட்ஜ் அளவுக்கு வளர்ந்து மேசையின் ஒரு காலை முறித்திருந்தது. வீட்டுக்குள் வைத்திருந்தால் கூரையைப் பெயர்த்துவிடும் என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டதால், நான்கு வீட்டு ஆட்கள் சேர்ந்து அதை மாடிப்படியில் இறக்கித் தெருமுனையில் இஸ்திரிக்காரருடைய காலி மனையில் வாடகைக்கு வைத்தார்கள். மனைவி மாடிப்படியிலேயே ஸ்டூல் போட்டு அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு முடிவெட்டினாள். அக்கா விடுமுறை நாளிலும் டிக்கெட் கொடுக்கப் போனார். சலூனுக்கு ஜன்னல் வந்தது, மின்விசிறி வந்தது. வரி போட அளக்க வந்த அலுவலர் காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவும் கண்டு, “வளர்றது நின்னதும் சொல்லி அனுப்புங்க” என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு சறுக்கல். போனஸ் வந்த கையோடு மெக்கானிக் சலூன் காசிலிருந்தும் எடுத்துப் பெரிய டிவி ஒன்றை வாங்கிவிட்டார். அந்த நேரம் மனைவி சலூனுக்குள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். கூரை சத்தமில்லாமல் இறங்கி அவள் தலையைத் தொட்டது. குனிந்தாள், மேலும் இறங்கியது. ஷட்டருக்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்தபோது கணவர் அட்டைப்பெட்டியும் கையுமாகத் தெருவில் நின்றார்.

“என்ன வாங்கினீங்க?” என்று தரையிலிருந்தே கேட்டாள்.

“திருப்பிக் குடுத்துடறேன்” என்றார் அவர். பெட்டியைப் பிரிக்காமலே கொடுத்துவிட்டு வந்தார். இருட்டுவதற்குள் கூரை பழைய உயரத்துக்கு ஏறியது.

ட்ரம் செட் முழு உருவம் எடுத்து இரண்டாம் மாடிக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதும், அக்கா கப்பலேறி முகம் கருத்துத் திரும்பியதும், நீலக் காரின் வரிசை கடைசியாக வந்ததும் பிந்தைய சங்கதிகள். சலூன் முழுசாக வளரும்வரை காத்திருக்க மனைவிக்குப் பொறுமையில்லை. நாலு பேர் நிற்க இடம் வந்ததுமே திறந்துவிட்டாள். அன்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. முதல் ஆளாக உட்கார்ந்தது பள்ளிக்கூடத்து டீச்சர். பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது சுவர்கள் மெல்ல விலகின. கண்ணாடி ஒரு சாண் அகன்று, அதில் வாசலில் நின்ற கூட்டமும் தெரிந்தது.

“ஏம்மா, கடை பெரிசாகுற மாதிரி இருக்கே?” என்றார் டீச்சர்.

“ஆமா டீச்சர், பஸ் ஸ்டாண்டுல அண்ணி இன்னைக்குச் சம்பளம் வாங்கியிருப்பாங்க” என்றாள் மனைவி, கத்தரிக்கோலை நிறுத்தாமல். “தலைய மட்டும் ஆட்டாதீங்க.”