கட்டி வைத்த கல்லறை

மே மாதம் முடிவதற்குள் ஓடெட் வீட்டைப் புயலுக்குத் தயார் செய்துவிடுவாள். அமெரிக்காவில், லூசியானாவின் தெற்குக் கடலோரத்தில், ரோடு தேய்ந்து சதுப்போடு கலக்கிற இடத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த வருஷமும் குடிதண்ணீர்க் கேன்களைக் கழுவி நிரப்பினாள். ஃப்ரீசரில் இருந்த இறாலை அவளும் கணவனும் வேகவைத்துத் தின்று தீர்த்தார்கள். முன்பு ஒரு புயலில் கரண்ட் போய் வாரக்கணக்கில் நாறிக் கிடந்த ஃப்ரீசரைக் கழுவியவள் அவள். மாத்திரைகளையும் வீட்டுக் காகிதங்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தாள். ஜன்னல்களுக்கு அடிக்கிற பலகைகளைச் சுவரோரம் அடுக்கினாள். போட்டோக்களைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அவை போன புயலோடு போய்விட்டன.

அந்தப் புயல் அவர்களுடைய பழைய வீட்டைத் தூணோடு பிடுங்கிக்கொண்டு போனது. இப்போது இருப்பது அரசாங்கம் வண்டியில் இழுத்து வந்து நிறுத்திய டிரெய்லர், ஒரு தகர வீடு. காற்றில் புரளாமல் இருக்க, நீளமான திருகாணிகளை மண்ணுக்குள் முறுக்கி இறக்கி, இரும்புப் பட்டை போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். அது அவள் கணவன் லெஸ்டரின் வேலை. ஆணியும் பட்டையும் வாங்கி வந்து டிரெய்லருக்கு அடியில் போட்டிருந்தான்.

அன்று காலை ஓடெட் கடைக்குப் போய்விட்டு வந்தபோது அவை அங்கே இல்லை. டிரக்கும் இல்லை. எங்கே போயிருப்பான் என்று அவள் யோசிக்கத் தேவைப்படவில்லை. சாமான்களை இறக்கி வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

அவர்களுடைய மகன் டேமியன் கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிற படகில் வேலை பார்த்தவன். ஒரு பனிக்காலத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போனான். தோண்டினால் தண்ணீர் வருகிற ஊர் என்பதால் பிணத்தை மண்ணுக்குள் புதைக்க மாட்டார்கள். தரைக்குமேல் சிமெண்ட் பெட்டி கட்டி, உள்ளே சவப்பெட்டியை வைத்து மூடுவார்கள். மறு வருஷம், வீட்டைப் பிடுங்கிய அதே புயலில் கடல் ஏறி மூடுகல்லைத் தள்ளிவிட்டது. சவப்பெட்டி மிதந்து போய்விட்டது. வெகுநாள் கழித்து, வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் கண்டெடுத்தார்கள். அடையாளம் சொல்லப் போனவன் லெஸ்டர். திரும்பி வந்து, அவன்தான் என்று மட்டும் சொன்னான். என்ன பார்த்தான் என்று ஓடெட் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டேமியனைப் பழைய இடத்திலேயே வைத்து மூடினார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குள் போனதும் செருப்பு சேற்றில் அழுந்தியது. மழை பெய்து நாளாகியிருந்தது. தெற்குக் காற்று அடித்தாலே இப்போதெல்லாம் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. லெஸ்டர் மகனின் கல்லறைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவனோடு இறால் பிடிக்கப் போகும் ஈனாஸ், பட்டையைப் பிடித்தபடி நின்றான். அந்த ரோட்டில் இன்னும் ஆள் இருக்கிற இன்னொரு வீடு அவனுடையதுதான்.

ஓடெட்டைப் பார்த்ததும் ஈனாஸ் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"வீட்டுக்கு வாங்கினதுதானே இது?" என்றாள் அவள்.

"ஆமா," என்றான் லெஸ்டர்.

"அப்ப வீட்டுக்கு?"

"வீடு போனா இன்னொரு தகரப் பெட்டி கொண்டாந்து போடுவாங்க."

சொல்லிக்கொண்டே இன்னும் முறுக்கினான். ஆணி தலை வரைக்கும் இறங்கியது. ஈனாஸ் சும்மா கையால் பிடித்து இழுத்தான். வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல வந்துவிட்டது.

"இங்க தரையே கிடையாதுப்பா," என்றான் ஈனாஸ். "நாம புல்லுமேல நிக்கறோம், புல்லு தண்ணிமேல நிக்குது. நாளைக்கு என் பொண்டாட்டி என்னை இங்க கொண்டாந்து வச்சான்னா, கூடவே ஒரு துடுப்பையும் வைக்கச் சொல்லியிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் ஏதோ வேலை இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஓடெட் ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததை அப்போது சொன்னாள். மகள் ரெனே இருக்கிற ஊர் மேட்டு நிலம். அங்கே சர்ச்சுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, ரெனே விசாரித்து வைத்திருக்கிறாள். டேமியனை எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்துவிடலாம், நாமும் போய்விடலாம் என்றாள்.

"அவனைத் திரும்பவும் வெளியில எடுக்கணுமா?" என்றான் லெஸ்டர்.

"ஒரே ஒரு தடவை."

"நீ பாக்கல, ஓடெட். நான் பாத்தேன்." அவன் கை ஆணியிலேயே இருந்தது. "பெட்டிக்குள்ள தண்ணி போயிருந்துது. அவன் குப்புறக் கிடந்தான். நாம மல்லாக்கத்தான வச்சோம். நான் சட்டையை வச்சுத்தான் சொன்னேன். இன்னொரு தடவை அந்த மூடியைத் திறக்க விட மாட்டேன்."

 அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து பட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். ஆணி நிற்கவில்லை என்பதால், லெஸ்டர் பட்டையைப் பெட்டிக்கு அடியில் விட்டுச் சுற்றி எடுத்து, மூடுகல்லைப் பெட்டியோடேயே இறுக்கினான். கல்லைத் தண்ணீர் தள்ள முடியாது, அது போதும் என்றான். வெயில் ஏறும்வரை இருவரும் கட்டினார்கள்.

டிரெய்லருக்கு நான்கு மூலைக்கு மட்டும் பட்டை மிச்சமிருந்தது. ரெனே போனில், எல்லாம் தயாரா என்று கேட்டாள். எல்லாம் தயார் என்றாள் ஓடெட்.

ஆகஸ்டில் புயல் வளைகுடாவுக்குள் வந்து சூடான தண்ணீரில் பெருத்தது. எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். லெஸ்டர் முரண்டு பிடிப்பான் என்று நினைத்தாள். அவன் பேசாமல் பலகைகளை அடித்துவிட்டு டிரக்கில் ஏறினான். கல்லறைத் தோட்டத்தருகே வண்டி வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

ரெனேயின் வீட்டு டிவியில் அவர்கள் ஊர் பேர் வரவே இல்லை. பக்கத்துப் பெரிய ஊரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

திரும்பி வர விட்டபோது ரோடு பாதியிலேயே முடிந்திருந்தது. அதற்கப்புறம் ஈனாஸின் படகில் போனார்கள். டிரெய்லர் நின்ற இடத்தில் அதன் படிக்கட்டு மட்டும் நின்றது. அதை அவர்கள் எதிர்பார்த்துத்தான் வந்தார்கள். எதிர்பார்க்காதது கல்லறைத் தோட்டம். அங்கே கல்லறைகள் உடைந்து கிடக்கவில்லை, சவப்பெட்டிகள் சிதறிக் கிடக்கவில்லை. அங்கே நிலமே இல்லை. அலை அடித்துக்கொண்டிருந்தது.

ஈனாஸ் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் படகை நிறுத்தினான். லெஸ்டர் கழியை விட்டுத் துழாவினான். சேறு, சேறு, மறுபடியும் சேறு. வெகு நேரத்துக்குப் பிறகு கழி கல்லில் தட்டியது. ஓரம் பிடித்துத் தடவிப் பார்த்தான். பட்டை தட்டுப்பட்டது.

"இருக்கான்," என்றான். "கட்டு அவிழல."

அவன் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. பக்கத்துக் கல்லறைகளிலிருந்து மிதந்துபோனவர்களை வடக்கே ஒவ்வொரு இடமாகத் தேடி எடுத்து, மேட்டு நிலத்தில் புதைத்துக்கொண்டிருப்பதாக வழியில் ஈனாஸ் சொல்லியிருந்தான். இவனை யாரும் எடுக்கப் போவதில்லை. கனமான பெட்டி சேற்றுக்குள் இன்னும் இறங்கும். அடுத்த வருஷம் கழிக்கும் எட்டாது. ஓடெட்டுக்கு அது புரிந்தது. பட்டையின் மறுமுனையை இழுத்துப் பிடித்தது தன் கைதான் என்பதும் புரிந்தது. அதை லெஸ்டரிடம் சொல்லவில்லை.

"போலாமா?" என்றான் ஈனாஸ்.

லெஸ்டர் கழியை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான். ஓடெட் அவன் சட்டையை இடுப்பருகே பிடித்து மெல்ல உட்கார வைத்தாள். ஈனாஸ் எஞ்சினைக் கிளப்பி, படகை வடக்கே திருப்பினான்.