மூன்று அங்குலம்

யார் கம்பளி நூலைக் கொண்டுவந்து கொடுத்தாலும் ஆனையூர் சீனியம்மாள் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னுவாள். அதை டேப்பால் அளந்து பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவாள். ஒருமுறை அப்படிப் பார்க்காமல் பின்னிய சால்வை, இரண்டு பேர் படுக்கும் ஜமுக்காளம் அளவுக்குப் போய்விட்டது. அதிலிருந்து வந்த பழக்கம்.

1982 சித்திரையில் கே.கே. நகரிலிருந்து தங்கப்பொண்ணு வந்தாள். கணவனுக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல். ஒரு வயது மகனுக்கு ஸ்வெட்டர் வேண்டும். வெளிர்மஞ்சள் நூல் உருண்டைகள் மூன்றை அவளே கொண்டுவந்திருந்தாள்.

"மாதிரியெல்லாம் எதுக்குக்கா? அடுத்த வாரம் கிளம்புறோம். நேரா ஆரம்பிச்சிருங்க."

"அரைமணி நேர வேலைம்மா. பாக்காம நான் தொட மாட்டேன்."

அவள் போனதும் சீனியம்மாள் கொக்கி ஊசியை எடுத்தாள். இருபது கண்ணி போட்டால் அவள் கைக்கு நான்கு அங்குலம் வரும். அன்று மூன்றுதான் வந்தது. இழுத்துப் பின்னிவிட்டோமோ என்று பிரித்து, தடித்த ஊசியால் தளர்வாகப் போட்டாள். மூன்று. இருபத்தேழு கண்ணியாகக் கூட்டினாள். அப்போதும் மூன்றுதான்.

தன் பெட்டியிலிருந்த நீல நூலில் இருபது கண்ணி போட்டாள். சரியாக நான்கு அங்குலம். கையிலும் தப்பில்லை, டேப்பிலும் தப்பில்லை. மறுபடி மஞ்சள் நூலில் நாற்பது கண்ணி போட்டாள். பின்னும்போது மடியில் நீளமாகத்தான் கிடந்தது. டேப்பை வைத்ததும் மூன்று.

வெளியே பட்டப்பகல். பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தத் துண்டோடு தனியாக இருக்க முடியாமல் வாசலில் போய் நின்றாள். நின்றபடியே கணக்குப் போட்டாள். எத்தனை கண்ணி போட்டாலும், நான்கு வேண்டிய இடத்தில் மூன்றுதான் தருகிறது. பையனின் மார்புச் சுற்று இருபது கேட்டால் பதினைந்துதான் தரும்.

மறுநாள் தங்கப்பொண்ணு வந்ததும், அவள் எதிரிலேயே பின்னி அளந்து காட்டினாள்.

"இந்த நூலு உம்மவனுக்கு ஆகாதும்மா. எப்படிப் போட்டாலும் மார்புச் சுத்து பதினஞ்சு, மூணு மாசப் பிள்ளை அளவுதான் வருது."

தங்கப்பொண்ணு உருண்டைகளைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது புது நூலில்லக்கா. மூத்தவ ஸ்வெட்டரப் பிரிச்சது. வெந்நீர்ல அலசி உருட்டினேன்."

"மூத்தவளா?"

"மூணு மாசத்துல போயிட்டா. வாடிப்பட்டியில எங்க வயல்லதான் இருக்கா. அடக்கம் பண்ணும்போது அவ மேல கிடந்த ஸ்வெட்டர நாந்தான் கழட்டி வச்சுக்கிட்டேன். அவ வாசனை வேணும்னு."

சீனியம்மாளுக்கு அந்த நூலை அப்படியே திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடத்தான் தோன்றியது. தங்கப்பொண்ணு உருண்டைகளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அவளுக்கே போட்டுருங்கக்கா. பதினஞ்சுக்கே."

பயத்தோடுதான் சீனியம்மாள் ஆரம்பித்தாள். ஆனால் நூல் எங்கும் சிக்கவில்லை, சொன்ன அளவுக்கு நின்றது. இரண்டே நாளில் முடிந்தது. கடைசி முடிச்சுப் போட்டபோது மிச்சம் ஒரு சாண்கூட இல்லை.

கொடைக்கானல் கிளம்புவதற்கு முன்தினம், கடையில் வாங்கிய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்ட மகனோடு தங்கப்பொண்ணு சொல்லிக்கொண்டு போக வந்தாள்.

"வாடிப்பட்டிக்குப் போயிட்டு வந்தோம்க்கா. அவ இருக்கிற இடத்த அவருதான் தோண்டினாரு. அந்த வெயிலுல மேல்மண்ணு காலச் சுடுது. முழங்கை ஆழத்துல கைய விட்டேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு. மஞ்ச ஸ்வெட்டர வச்சு மூடிட்டு வந்துட்டோம்."

"அப்புறம்?"

தங்கப்பொண்ணு மகனை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ரெண்டு பேருமா வைக்கும்போது உள்ள இருந்து யாரோ லேசா இழுத்து வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சுக்கா. அவருக்கும் அப்படித்தான் இருந்துச்சாம். பஸ்ஸுல வரும்போது சொன்னாரு."