எதிரணியாகவே ஆடியவன்

"நீயே அப்பாகிட்ட கேளேன்டா."

"அம்மா, மைதானத்துல அவர் எனக்கு அப்பா இல்ல, கோச். கோச்சோட பையன் எப்ப சலுகை கேப்பான்னு ஊரே பாத்துட்டிருக்கு."

"அப்ப நான் கேக்கறேன்."

"நீ வாயைத் திறந்தா நான் ஆட்டத்தையே விட்டுடுவேன். கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

ஆகஸ்டில், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், காரைவிட்டு இறங்காமல் நானும் என் மகன் எல்லிஸும் பேசிக்கொண்டது இது. சத்தியம் செய்தேன். அக்டோபர் முடிவதற்குள் அந்தச் சத்தியம் எனக்கு நெஞ்செரிச்சலாகிவிட்டது.

என் கணவர் டுவைட் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர். அமெரிக்காவில், எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து விழும் ஆட்டம். ஆட்டத்தை நடத்துபவன், பந்தை எறிபவன், குவார்ட்டர்பேக். அந்த இடத்தில் ஆடியவன் கிளின்ட். அவனுக்கு அடிபட்டால் மட்டும் எல்லிஸ்.

அதுவரை எல்லிஸுக்கு வேறு வேலை. அந்த வாரம் மோதப்போகும் அணி எப்படி ஆடும் என்பதை டுவைட் அட்டைகளில் வரைந்து கொடுப்பார். எல்லிஸ் அந்த எதிரணியின் குவார்ட்டர்பேக்காக நடிக்க வேண்டும். நம் தடுப்பாட்டக்காரர்கள் அவன்மேல் மோதிப் பழகுவார்கள். இரண்டு வருடங்களாக இதே வேலை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவனுக்கு மனப்பாடம். சொந்த அணியின் ஆட்டத்தை மட்டும் ஓரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

நம் ஆட்டத்தையும் கொஞ்சம் ஆடவிடுங்கள். அவன் கேட்க வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

நான்காவது ஆட்டத்தில் கிளின்டின் காறை எலும்பு முறிந்தது. இனியாவது டுவைட் மாறுவார் என்று நினைத்தேன். மாறவில்லை. மொத்தமே இருபத்திரண்டு பையன்கள். எதிரணியாக நடிக்க எல்லிஸை விட்டால் ஆளில்லையாம். "தடுப்பாட்டம்தான் இனிமே நம்மைக் காப்பாத்தணும்" என்றார். நான்கு நாள் பயிற்சியில் மூன்று நாள் எல்லிஸ் எதிரியாகவே ஆடினான். வெள்ளிக்கிழமை போட்டியில் மட்டும் நம்மவனாக ஆட வேண்டும். தொடர்ந்து மூன்று தோல்வி.

மூன்றாவது, நேற்று. புள்ளி எடுக்கும் கோட்டுக்கு மூன்றே கஜம். எல்லிஸ் பந்தை வாங்கினான். நம் பத்துப் பேரும் வலப்பக்கம் பாய்ந்தார்கள். இவன் தன்னந்தனியாக இடப்பக்கம் ஓடி, காத்திருந்த நாலு தடியன்களின் நடுவில் போய் விழுந்தான். அரங்கமே சிரித்தது. எதிரணிப் பையன்களும் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியாதா என்ன, அவன் ஆடியது அவர்களுடைய சொந்த ஆட்டம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அதையே ஆடிப் பழகியவனுக்கு, பதற்றத்தில் கால் அந்தப் பக்கம்தான் போகும்.

இன்று காலை கடையில் மாட்டிறைச்சி வாங்க வரிசையில் நின்றேன். அணியின் ஆதரவாளர் சங்கத் தலைவர் லைல் ப்ரூயிட் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"நொரீன்! கடைசி ஆட்டத்துலயாவது உன் பையன் நம்ம பக்கம் ஆடுவானா?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"ஏன் லைல், நீங்க ஆடின காலத்துல உங்களை நம்ம பக்கம் சேத்துக்கிட்டாங்களா? பெஞ்சு தேச்ச கதைதான் நான் கேட்டிருக்கேன்."

அவர் முகம் சிவந்தது. எனக்கு ஆறவில்லை. அந்த மனுஷன் கிண்டலுக்குச் சொன்னது அப்படியே உண்மை. அதுதான் சுட்டது.

வீட்டுக்கு வந்தால் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று ஆறு பலகைகள். அணி தோற்றால் பயிற்சியாளர் வீட்டு வாசலில் இதை நட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரைக் காலி செய் என்று அர்த்தம். ஆறையும் பிடுங்கினேன். ஒன்றை முழங்காலில் வைத்து உடைத்தேன். அப்படியே சேற்றுக் காலோடு நிலவறைக்கு இறங்கினேன்.

அங்கே டுவைட் டிவியில் நேற்றைய ஆட்டத்தின் அந்த ஒரே காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லிஸ் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"இங்க பாரு. பத்துப் பேர் வலப்பக்கம். நீ ஏன்டா இடப்பக்கம் திரும்பின?"

டுவைட் மறுபடி பின்னால் ஓட்டினார். என் மகன் மறுபடி இடப்பக்கம் ஓடி விழுந்தான்.

"வெள்ளிக்கிழமை அந்தப் புதுப் பையன் கோடி ஆடட்டும். நீ உக்காரு."

"கோடியா?" என்றேன். "அவன் இந்த வருஷம்தானே சேந்தான்? பந்தைப் பிடிக்கவே தெரியாது!"

"நொரீன், இது மைதான விஷயம்."

"என் வாசல்ல ஆறு பலகை நட்டிருக்காங்க. எது மைதானம், எது வீடு? ஏன் இடப்பக்கம் திரும்பினான்னு அவனைக் கேக்கறியே, அந்த அட்டையை வரைஞ்சது யாரு?"

டுவைட் ரிமோட்டைக் கீழே வைத்தார். "நான் என் பையனுக்குத் தனிச் சலுகை குடுத்தேன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. பதினோரு வருஷமா இந்த ஊர்ல அப்படித்தான் இருக்கேன்."

"யாரும் சொல்லல. கிளின்டுக்குப் பின்னால வேற எவனோட பையன் இருந்திருந்தாலும் முதல் நாளே தயார் பண்ணியிருப்ப. உன் நல்ல பேருக்காக இவன் அடி வாங்கறான். டுவைட், இவனுக்கு..."

மிச்சம் நாக்கின் நுனியில் நின்றது. சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேன்.

"அம்மா, போதும்."

எல்லிஸ் எழுந்துவிட்டான். உதட்டில் நேற்றைய காயம் இன்னும் காயவில்லை. இந்த மூன்று வாரங்களில் அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இன்று அப்பாவின் உயரத்துக்கு நேராக நின்றான்.

"அப்பா, திங்கக்கிழமைலேர்ந்து எதிரணியா வேற ஆளை நிக்க வைங்க. ஆள் இல்லன்னா நீங்க நில்லுங்க. எனக்கு நம்ம ஆட்டத்தைக் குடுங்க."