ஈரப் பாத்தி

நாமக்கல்லுக்கு வெளியே, விடுதிப் பள்ளி ஒன்றின் மைதானத்தை ஒட்டிய தரிசில் ஜெயபிரகாஷ் புல் வளர்த்தான். மாட்டுக்கு இல்லை, பிள்ளைகள் பந்து விளையாட. சேந்தமங்கலம் சாலையோரம் வெயிலில் தாக்குப்பிடித்த அருகம்புல்லையும் மெத்தென்ற சீமைப் புல்லையும் இனம் சேர்த்து, தண்ணீர் கேட்காத ரகம் ஒன்றை எடுக்க ஏழு வருடமாகப் பாடுபட்டான். கோடை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது, அதுதான் சோதனை.

ஆய்வுக்கு ஆள் வரச் சில நாளே இருக்கையில், அவன் மலைபோல் நம்பியிருந்த பாத்தி மஞ்சளாகத் தொடங்கியது. விடியலில், வேலையாட்கள் வருமுன், குழாயை இழுத்துப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினான். இந்த ஒரு தடவைதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டான். மனுஷனுக்கு இந்தச் சமாதானம் மட்டும் கேட்ட மாத்திரத்தில் கிடைத்துவிடுகிறது.

இந்த வேலைக்குப் பணம் போட்ட கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்த கந்தப்பன் பச்சையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பாத்தி பாத்தியாகக் கம்பியை ஆழமாகக் குத்தி மண் எடுத்தார். மற்றவற்றில் புழுதிதான் வந்தது. இதில் ஈர மண் அப்பிக்கொண்டு வந்தது. சிரிப்பு நின்றது.

"இதுல தண்ணி உட்டது யாருங்க?"

ஜெயபிரகாஷ் சொல்லிவிடத்தான் வாயெடுத்தான். அதற்குள், களை எடுத்துக்கொண்டிருந்த ஆராயி எழுந்து வந்தாள்.

"நாந்தானுங்க. சோறு உண்டுபோட்டுத் தூக்குப்போசி கழுவுன தண்ணிய வெறும் மண்ணுல கொட்ட மனசு வரலீங்க. வாடிக் கெடக்குதேன்னு இந்தப் புல்லு மேல ஊத்திப்போட்டனுங்க."

அந்தப் பக்கத்தில் யாரும் செய்வதுதான். மிச்சத் தண்ணீர் என்றால் கண்ணில் படும் ஏதாவதொரு செடிக்குத்தான் போகும். ஒரு போசித் தண்ணீர் அவ்வளவு ஆழம் இறங்காது என்று ஜெயபிரகாஷுக்குத் தெரியும். கந்தப்பனுக்கும் தெரிந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை.

"பாத்திய அடுத்த கோடைல மறுபடி பாத்துக்கலாம். இந்தம்மா இனி இங்க வேலைக்கு வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

ஜெயபிரகாஷுக்கு உடம்பெல்லாம் கூசியது. கார் கிளம்புமுன் ஓடிப்போய்ச் சொன்னால் போதும். கார் சாலையில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். ரகம் பிழைத்ததே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு. அந்த நிம்மதியை நினைக்கையில்தான் அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆராயி அவனெதிரில் வந்து கைகூப்பினாள். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க ஏழு வருச ஒழைப்ப ஒரு போசித் தண்ணில கெடுத்துப்போட்டனுங்க சாமி. என்னைய மன்னிச்சுப்போடுங்க."

சொல்லிவிட்டும் போகாமல் நின்றாள். பதில் வாங்காமல் அவளால் வீடு போய்ச் சேர முடியாது போலிருந்தது.

"செரி, உடுங்கக்கா," என்றான் ஜெயபிரகாஷ். "மன்னிச்சுட்டேன்."